இருபத்தேழு மாநிலங்கள்

மார்லிஸ் கதவைத் திறந்ததும் நான் பொய்ப் பெயர்தான் சொன்னேன்.

"வீட்டுவண்டி விளம்பரம் பாத்துட்டு வந்தேன்."

அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியும். பத்தொன்பது வருஷங்களுக்கு முன்னால் என் புருஷன் வெண்டல், என்னையும் நானூறு பன்றிகளையும் விட்டுவிட்டு இவளோடுதான் போனான். போன நவம்பரில் செத்தான். நான் அடக்கத்துக்குப் போகவில்லை.

கொட்டகையில் வண்டி நின்றது. எழுபத்து நான்காம் வருஷத்து வண்டி. கட்டில், அடுப்பு, மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜை, எல்லாம் சக்கரத்தின் மேல். முதுகு மட்டும் கூரைக்கு வெளியே சாலையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

பனி உருகியதிலிருந்து பதினோரு வண்டிகள் பார்த்துவிட்டேன். ஒன்றில் கூரை ஒழுகி ஒழுகி, சுவரை அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே போனது. இன்னொன்றில் கட்டிலுக்கடியில் ரக்கூன் குட்டி போட்டிருந்தது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. இந்த அயோவா மாநிலத்தைத் தாண்டியதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமும், "பன்னி விலை ஏறட்டும், போவோம்" என்று வெண்டல் காது குத்தினான். அவன் போன பிறகு பன்றிகள் என்னை எங்கேயும் விடவில்லை. இப்போது பன்றிகளை விற்றாயிற்று. பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, முட்டி இரண்டும் ஓய்வதற்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

ஆனால் இந்த வண்டியைத் தேடி வந்ததற்கு வேறு காரணமும் இருந்தது.

அதன் முதுகில் ஒட்டியிருந்த நாட்டு வரைபடம்.

இங்கே வீட்டுவண்டிக்காரர்கள் எல்லோரும் அதை வைத்திருப்பார்கள். ஒரு மாநிலத்தில் ஓர் இரவாவது தூங்கினால்தான் அந்த மாநிலத்தின் வண்ணத் துண்டை ஒட்டலாம். அதில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

பதின்மூன்று வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், இந்தச் சாலையோரம் காரை நிறுத்தி நான் எண்ணியிருக்கிறேன். இருபத்தேழு. வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பன்றிகளுக்குத் தீனி வைத்தேன். அன்றிலிருந்து என் மனசுக்குள் மார்லிஸுக்கு ஒரே பெயர்தான். கொடுத்துவைத்தவள்.

இன்றைக்கும் எண்ணினேன். கலிபோர்னியா பாதி கிழிந்திருந்தது. நெவாடாவில் ஒரு மூலைதான் மிச்சம். ஆலங்கட்டி மழையாக இருக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே போய்ச் சுவர்களை மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தேன். எங்கேயும் அமுங்கவில்லை. பாவி, வண்டியை நன்றாகத்தான் வைத்திருந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

டயரைக் குனிந்து பார்த்தேன். அதில் பொறித்திருந்த வருஷப்படி பத்தொன்பது வருஷப் பழசு. ரப்பர் வெடித்திருந்தது. ஆனால் புது டயரில் இருக்குமே மெல்லிய ரப்பர் முடி, அது ஓரங்களில் அப்படியே இருந்தது. எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் நான் இல்லை.

"ஊரு ஊரா சுத்தியிருக்கீங்க போல. எந்த ஊரு ரொம்பப் புடிச்சுது?"

என் குரலில் இருந்த விஷம் எனக்கே கேட்டது.

மார்லிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நானும் அப்படித்தான் சிரிப்பேன்.

"நானா? நான் வந்த நாள்லேருந்து இது இந்தக் கொட்டகைய விட்டு நகரல. அதெல்லாம் அவரு மொத பொண்டாட்டியோட போனது. எப்பக் கூப்பிட்டாலும், லவோனோட எல்லாத்தையும் பாத்தாச்சு, மறுபடி பாக்க என்ன இருக்கும்பாரு. அவ குடுத்துவச்சவ."

அவள் கலிபோர்னியாவை விரலால் தட்டினாள்.

"இதச் சுரண்டினது நான்தான். வெண்ணெய்க் கத்தியால. ராத்திரி அவ அங்க நிம்மதியாத் தூங்கியிருப்பான்னு நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நீங்க வாங்குறதா இருந்தா சொல்லுங்க, மிச்சத்தையும் சுரண்டிக் குடுத்துடறேன்."

என்னை விட்டுப் போனபோது வெண்டலிடம் ஒரு பழைய பிக்கப் லாரிதான் இருந்தது, இந்த வீட்டுவண்டி இல்லை. வேறு யாரோ ஊர் சுற்றி, யாரோ ஒட்டி, யாரோ விற்றிருக்கிறார்கள். இவள் இந்த வீட்டுக்கு வருவதற்குள் அவன் இருபத்தேழு மாநிலங்களையும் வண்டியோடு சேர்த்து வாங்கி வந்திருக்கிறான்.

பத்தொன்பது வருஷமாக நான் யார் மேல் எரிந்துகொண்டிருந்தேன்?

"நான்தான் லவோன். கலிபோர்னியாவ நான் டிவிலதான் பாத்திருக்கேன்."

மார்லிஸ் என்னையே பார்த்தாள். முகம் சிவந்தது. அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். வலைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சரி, போகச் சொல்கிறாள் என்று கார் சாவியைக் கையில் எடுத்தேன்.

அவள் திரும்பி வந்தாள். கையில் இரண்டு வெண்ணெய்க் கத்திகள் இருந்தன. ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நாங்கள் திட்டினோம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வசவு. அவளுக்குத் தெரிந்த வசவுகள் எனக்குத் தெரிந்தவற்றைவிட நன்றாக இருந்தன. டெக்சாஸ் லேசில் வரவில்லை, இருவரும் சேர்ந்து கிளப்பினோம். வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று நடுவில் எப்போதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

கடைசியில் அயோவா ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான் கத்தியை அதன் ஓரத்தில் வைத்தேன். மார்லிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது இருக்கட்டும். அதுலதான் நாம ரெண்டு பேரும் நெசமாவே கெடந்தோம்."