தூலிக்கு ஒரு துண்டு

"காலையில மூடி வச்ச இலிஷ் மீன்ல ஒரு துண்டு குறையுதே, திதி!"

தம்பி மனைவி ஷர்பாணி கேட்டதும், அவள் அக்கா முறைக்கு 'திதி' என்றழைக்கும் நாத்தனார் பிரதிமா கிழட்டுப் பூனையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"தூலிக்குத்தான் குடுத்தேன், பௌ. பாவம், என் மூஞ்சியையே பாத்துச்சு."

"கிட்னி கெட்ட பூனைக்கு மீனே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நீங்கதான் அதக் கொல்லப் போறீங்க!"

பிரதிமா தலையைக் குனிந்துகொண்டாள். கணவன் இறந்ததிலிருந்து, வங்காள விதவைகளின் வழக்கப்படி மீனை விட்டு, வெள்ளைப் புடவையும் மீன் படாத தனி அடுப்புமாக இருப்பவள். பூனைக்காக மீனைத் தொட வேண்டியிருக்கிறதே என்றுதான் கையை அப்படித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள் என்று ஷர்பாணி நினைத்திருந்தாள்.

தூலி எலும்பும் தோலுமாகிக்கொண்டே போனது. ஷர்பாணி அதைக் கூடையில் வைத்து டாக்டரிடம் தூக்கிப்போனாள்.

"வீட்டுல திருட்டுத்தனமா மீன் போடுறாங்க, டாக்டர்பாபு."

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து காட்டினார்.

"மீனா? ஈறெல்லாம் புண்ணு. பல்லு ஒண்ணுகூட இல்ல. நீங்க ஊத்துற கஞ்சியத் தவிர பல மாசமா இது எதையும் முழுங்கியிருக்காது."

ஷர்பாணி பூனையை மறுபடி கூடையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். வாசலிலேயே பிரதிமா பதறினாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு, பௌ?"

"மீன் தாராளமா குடுக்கலாம்னு சொல்லிட்டாரு, திதி."

மத்தியானம் சோற்றின் மேல் கடுகுக் குழம்போடு பெரிய துண்டாக வைத்து, நாத்தனாரின் அறைக்குக் கொண்டுபோனாள்.

"தூலிக்கு. சூட்டோட குடுத்துடுங்க."

தட்டின் ஓரத்தில் ஒரு பச்சை மிளகாயையும் வைத்தாள். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள்.