ஆட்கள் தண்ணீரில்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சினான். பாதி குடித்தான். மீதியைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான்.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

ஃபிரிஜ் மேல் ஒரு சின்னச் சாவி கிடந்தது. துவைக்கும்போது பழைய சட்டைப் பையில் இருந்ததாக, ஊரிலிருந்து வந்திருந்த அவன் அக்கா சொல்லியிருந்தாள். எதன் சாவி என்று யோசிக்கவில்லை. பையில் போட்டான்.

மனைவி இறந்து முப்பத்தொரு நாள். இன்றுதான் வேலைக்குப் போகிறான்.

கப்பல்கள் வந்து நிற்கும் அந்த மேடை, கடலுக்குள் நாற்பது இரும்புத் தூண்களின் மேல் நிற்கிறது. கரையோரம் ஓர் அறை. அறையில் ஒரு பெட்டி. அதிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கடல்நீர் வழியாகத் தூண்களுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகும்வரை துரு அண்டாது. நின்றால் உப்புத் தண்ணீர் தின்னத் தொடங்கும்.

நிற்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

பெட்டியின் முள் பூஜ்யத்தில் இருந்தது.

சுவிட்சில் ஒரு பூட்டு. பூட்டில் ஓர் அட்டை. அவன் கையெழுத்து.

ஆட்கள் தண்ணீரில். திறக்காதே.

தூண்களைச் சோதிக்க டைவர்கள் இறங்கினால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்துபவன் தன் பூட்டைப் போடுவான். சாவி அவனிடம்தான் இருக்கும். அவர்கள் மேலே வரும்வரை அவன் அறையை விட்டு நகரக் கூடாது.

விதி அது.

எலக்ட்ரீஷியன் செல்வின் வாசலிலேயே நின்றார்.

"ஒங்க பூட்டுல்லா சார். ஒருநா சுத்தியல எடுத்துட்டு வந்தேன். அப்புறம் வச்சிட்டேன். அந்த நேரத்துல ஒங்களக் கூப்பிடவும் மனசு வரல."

அவன் மீட்டரின் அளவெடுக்கும் வயரைக் கடலுக்குள் இறக்கினான். எண்ணூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அறுநூற்று இருபது. காப்பில்லாத வெறும் இரும்பின் எண்.

சாவியை எடுத்தான். பூட்டு உப்பேறி இறுகியிருந்தது. இரண்டாம் தடவை திறந்தது.

சுவிட்சைப் போட்டான். முள் ஏறியது.

"தின்னது திரும்பி வருமா சார்?"

தலையசைத்தான். வராது.

செல்வின் போய்விட்டார்.

பதிவேட்டைத் திறந்தான். நிறுத்திய நேரம், 10.40. போட்ட நேரம், காலி.

பேனாவை எடுத்தான். எழுதவில்லை.

அன்று, மனைவி மயங்கிக் கிடக்கிறாள் என்று பக்கத்து வீட்டு ஜெபா அக்கா போனில் கூப்பிட்டது பதினொன்று ஐம்பதுக்கு. டைவர்கள் அப்போதும் தண்ணீரில்தான் இருந்தார்கள். அவன் அப்படியே ஓடினான்.

டைவர்கள் ஒரு மணிக்குத் தண்ணீரிலிருந்து மேலே வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவன் இல்லாமலும் பூட்டு பூட்டியே இருந்தது.

முப்பத்தொரு நாள்.

அதற்கு முன், பதினொன்று ஐந்துக்கே மனைவி கூப்பிட்டிருந்தாள். தலை பிளக்கிறது, ஒரு கண் தெரியவில்லை என்றாள். ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள், நான் நகர முடியாது என்றான்.



"சரி, பாவம், அவங்க மேல வரட்டும். நான் கொஞ்சம் படுத்துக்கிடுதேன்."