உப்பிய தூண்

கிடங்கின் மூலையிலிருந்த இரும்புத் தூணில் பூச்சு பொதபொதவென்று உப்பியிருந்தது.

"பூசி ஒரு வருஷம்கூட ஆகல. இதெல்லாம் ஒரு வேலையா தம்பி?" என்று பெயிண்டரைப் பிடிபிடியென்று பிடித்தாள் முதலாளியம்மா.

"விடும்மா, பாவம்" என்றார், டாக்டர் சொன்னபடி வேகவைத்த காய்கறியில் காலம் தள்ளிக்கொண்டிருக்கும் கணவர்.

பெயிண்டர் உப்பலைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது தீயிலேர்ந்து இரும்பைக் காப்பாத்துற எபாக்ஸி பூச்சு. நல்லா சூடு ஏறினாத்தான் உப்பும். இங்க யாரோ அடுப்பு மூட்டியிருக்காங்க."

கிடங்குச் சாவி கணவரிடம்தான் இருந்தது. அவர் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் ஸ்டாக் பாக்கப்போறேன்னு சொல்லிட்டு, இங்க வந்து கறி சுட்டுத் தின்னீங்களா?"

கூரையில் அவருக்கு இன்னும் வேலை இருந்தது.

"தம்பி, மிச்சப் பூச்சு இருக்கா? நம்ம வீட்டு மொட்டைமாடி, கார் ஷெட், தோட்டத்துச் சுவர்... இவரு ஒதுங்குற மூலை ஒண்ணு விடாம பூசிடுங்க!"