மின்னாத கல்

றேணுகா நீட்டிய மோதிரத்தை வாங்கி, வெள்ளவத்தை நகைக்கடைக்காரர் இன்ஸாப் லென்ஸுக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசல் வைரம்தான் மிஸ். ஆனா தட்டையா வெட்டியிருக்காங்க. மேலால விழுற வெளிச்சம் திரும்பி வராம அடியால போயிடுது. அதான் மின்னுதில்ல. ஒழுங்கா வெட்டியிருந்தா ரெண்டு மடங்கு விலை போகும்."

"பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்குமோ, இன்ஸாப் நானா?"

"தொழில் தெரியாதவனுக்கு அப்பிடித்தான் இருக்கும்."

றேணுகா மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"பிறெடி எனக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட மோதிரம். கண்ணாடியைப் போட்டு ஏமாத்திட்டான் எண்டு அப்பா கலியாணத்தையே நிப்பாட்டிட்டார். பிறெடி மோதிரத்தைத் திருப்பி வாங்கவும் இல்ல."

இன்ஸாப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "கல் தெரிஞ்ச ஒருத்தர்ட்ட காட்டிக் கேட்டிருக்கலாமே!"

"அப்பா காட்டினவர்தான், நானா."

கைப்பைக்குள்ளிருந்து பழுப்பேறிய கடதாசித் துண்டொன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். 'கல் வைரமல்ல, கண்ணாடி' என்றிருந்தது. கீழே பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய திகதி. பக்கத்தில் இன்ஸாப்பின் கையெழுத்து.

அப்போது அவர் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். அன்றைக்கு அவர் லென்ஸைக் கையில் எடுக்கவே இல்லை.