பூங்கோதையின் கிலுகிலுப்பை

திருநெல்வேலியில் நடந்த பனையோலைப் பட்டறைக்குப் பெரியவர்களும் பிள்ளைகளுமாக முப்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் விரல்களுக்கு வழிகாட்டும் மின்கையுறை; அது எவ்வளவு உதவ வேண்டும் என்று அளவு வைக்கலாம்.

“அளவை ரெண்டுக்கு மேல கூட்டாதீங்க. கூட்டினா கையுறைதான் பின்னும், பிள்ள பின்னாது” என்றார் சொல்லித்தந்த அம்மாள்.

மற்ற பிள்ளைகள் கிலுகிலுப்பையை முடித்துவிட, இசக்கிராஜாவின் ஒன்பது வயது மகள் பூங்கோதைக்குக் கண் கலங்கியது. மனசு கேளாமல் அவன், அவளுக்குத் தெரியாமல் அவள் கையுறையின் அளவை ஒன்பதுக்கு ஏற்றிவிட்டான். அவள் முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவனால் தட்ட முடியவில்லை.

மறுநாள் அவள் தம்பியைத் தொட்டிலில் போடும் விசேஷம்.

“தம்பிக்கு நானே இன்னொண்ணு பின்னுதேன்” என்று சொந்தக்காரர்கள் நடுவே கையுறை இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். ஓலை நழுவியது. மறுபடியும் நழுவியது. யாரோ சிரித்தார்கள்.

இசக்கிராஜா அவளை உள்ளே அழைத்துப்போய் உண்மையைச் சொன்னான்.

“நீ அழுதிரக் கூடாதுன்னுதாம்மா...”

அவள் அழவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ சைக்கிள்? அது நானா ஓட்டுததுதானப்பா?”

அவள் சைக்கிளைச் சாயாமல் தாங்கும் கருவியை அவன் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

“இல்லம்மா” என்றான்.