தெரியாத கேள்விக்கு ஒரு புள்ளி

குளியலறைக் கதவின் கீலில் ஸ்க்ரூடிரைவரை வைத்து முழு பலத்தோடு திருகினார் அப்பா.

துருப்பிடித்த திருகாணி. அசைவேனா என்றது.

உள்ளே அவருடைய ஒன்பது வயது மகள் சிட்டு. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுகிறாள். தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான்.

ஊரில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டிக்கொண்ட ஆளை அலுங்காமல் வெளியே கொண்டுவந்துவிடுவார். சொந்த வீட்டில்தான் பருப்பு வேகவில்லை.

"வெளிய வாம்மா, என் தங்கமில்ல?"

"மாட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

ஒன்றும் தெரியவில்லையாம்! கணக்குப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி ஒரே மூச்சில் முடிக்கிறவள். எந்தப் பரீட்சை வைத்தாலும் நூற்றுக்கு நூறு.

"எங்ககிட்ட இருக்கிற அளவுகோல் உங்க பொண்ணுக்குப் பத்தல சார். பெரிய பசங்களோட தேர்வுல உட்கார வச்சாத்தான் அவ அசல் உயரம் தெரியும்" என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து அப்பாவின் கால் தரையில் இல்லை.

"பதினாறு வயசுப் பசங்க எழுதுற தேர்வு. என் பொண்ணு எழுதப்போறா!" பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு வியர்த்தவர்களிடம்கூடக் கதவு இடுக்கு வழியாகச் சொன்னார்.

வீட்டில் டிவி வாயை மூடியது. மாதிரி வினாத்தாள்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டன. அம்மா ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாற்றி வாங்கினாள்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றைத் தவிர.

தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது?

அப்படி ஒன்று சிட்டுவின் வாழ்க்கையில் வந்ததே இல்லை. நேற்று மாலை, கடைசி மாதிரித் தாளில் வந்தது. மூன்று கணக்கு. எப்படிப் புரட்டியும் மசியவில்லை.

திருகாணி வழுக்கியது. "இப்ப வர்றியா, கதவைக் கழட்டட்டுமா?" அப்பாவின் குரல் ஏறியது. உள்ளே அழுகையும் ஏறியது.

"கொஞ்சம் தள்ளுங்கப்பா."

மூத்தவன். வீட்டில் அவன் பெயர் தடியன்.

அவனுடைய விடைத்தாள்களில் பாதி வெள்ளையாக இருக்கும். "தெரியலன்னா அப்படியே விட்டுட்டுப் போயிடறதா? வெட்கமா இல்ல?" என்று கேட்டுக் கேட்டு அப்பாவுக்கே அலுத்துப்போயிருந்தது. இன்றைக்கு அதிசயமாக, லீவு நாளில் முதல் ஆளாகக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான்.

கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

"ஏய் குள்ளி, எத்தனை கணக்கு வரல?"

"மூணு..."

"மூணுக்கா இந்த ஒப்பாரி? அதே தாள்ல எனக்கு முப்பதுக்கு மேல வரல. நான் என்ன சோறு தின்னாமலா இருக்கேன்?"

தங்கையைத் தேற்ற நன்றாகத்தான் சரடு விடுகிறான் என்று நினைத்துக்கொண்டார் அப்பா.

உள்ளே விசும்பல் நின்றது. "வரலன்னா நீ என்ன பண்ணுவே?"

"பக்கத்துல சின்னதா ஒரு புள்ளி வைப்பேன். 'இருந்துக்கோ, அப்புறம் வர்றேன்'னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். நேரமிருந்தா திரும்பி வருவேன். இல்லன்னா அதுக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு.

தாழ்ப்பாள் விலகியது.

அப்பா ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். மாட்டிக்கொண்டவரிடம் முதலில் பேசு, கருவியை அப்புறம் எடு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவரே சொல்கிற முதல் பாடம்.

"தடியன் வந்தாத்தான் நானும் வருவேன்" என்றாள் சிட்டு.

வேனில் டூல் பாக்ஸை நகர்த்திவிட்டு இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். சிக்னல் சிவப்பானது. தூசி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு புள்ளி வைத்தாள் சிட்டு. "இருந்துக்கோ, அப்புறம் வர்றேன்."

எதற்காக அப்பா தடியனைத் திட்டித் தீர்த்தாரோ, அதுதான் இன்று கதவைத் திறந்தது. மகனுக்கு நன்றி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "ஏசி போடட்டுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாம்ப்பா."

தேர்வு மையத்தின் வாசலில் நெட்டை நெட்டையாகப் பிள்ளைகள். சிட்டு அவர்கள் முழங்கைக்குத்தான் வந்தாள். அண்ணனின் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "எழுதுறவங்க மட்டும்தான் உள்ள."

"சார், சின்னக் குழந்தை. இவ அண்ணனை மட்டும் ரூம் வாசல் வரைக்கும் விடுங்க, புண்ணியமாப் போகும்."

காவலாளி தடியனைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இவனையா? தங்கச்சிக்கு எந்த ரூம், பாத்ரூம் எந்தப் பக்கம்னு போன வாரமே வந்து என் உயிரை எடுத்தவனாச்சே! போ தம்பி, நேரமாச்சு. உன் ரூமும் அதே மாடிதானே?"

அப்பா மகனைப் பார்த்தார்.

தடியன் தலையைச் சொறிந்தான். "எங்க கிளாஸ்ல எல்லாருமே எழுதுறோம்ப்பா. பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டேன்."

மணி அடித்தது. இருவரும் ஓடினார்கள்.

"டேய்!"

படிக்கட்டில் நின்று திரும்பினான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. வாய்தான் வரவில்லை. விரலை உயர்த்திக் காற்றில் ஒரு புள்ளி வைத்தார்.

தடியன் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போனான்.

"உங்க பிள்ளை எது சார்?" பக்கத்தில் காத்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்.

"ஒன்பது வயசுதாங்க ஆகுது, ஆனா பதினாறு வயசுப் பசங்க..." வாய் பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருங்க. பெரியவனுக்குப் பதினாறு."