முப்பது நொடிக்குள் ஆறு எண்கள்

நான்காவது கட்டத்துக்குப் போக வேண்டிய அக்காவின் விரல் ஐந்தாவதில் போய் விழுந்தது.

அவர் கைபேசியில் நடப்பதெல்லாம் கூட்ட அறையின் பெரிய திரையில் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு கட்டங்கள். மேலே நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு. பதினொன்று. பத்து.

அந்த முப்பது நொடியை வைத்தவன் நான்தான்.

ஒரு மருத்துவமனைக்கான செயலி அது. திங்கட்கிழமை முதல் அங்கே முன்பதிவு கவுன்டரை மூடிவிடுவார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இனி செயலியில்தான் பதிய வேண்டும். கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும். அதை முப்பது நொடிக்குள் அடிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் ஒரு நாள் முழுக்கக் கதவு சாத்தப்படும். திருட்டுப் பயல் எவனும் உள்ளே நுழைய முடியாது என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்ட வேலை.

அக்காவின் வேலை, நாங்கள் கட்டியதில் ஓட்டை கண்டுபிடிப்பது. முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. குறை சொல்கிறவர் அதை எல்லார் முன்னாலும் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது குறையே இல்லை. மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

முப்பது நொடி பத்தாது என்று அக்கா ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு முறை கூட்டம் போட்டோம். இரண்டு முறையும் எங்கள் கண் முன்னாலேயே பத்தொன்பது நொடியில் அடித்து முடித்துவிட்டார். தான் சொன்ன குறையைத் தானே பொய்யாக்கிவிட்டு நின்றவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்.

"வயசானவங்களுக்குப் பிள்ளைங்க அடிச்சுக் குடுப்பாங்கம்மா, அத விடுங்க" என்றார் மேலாளர்.

"பிள்ளைங்க இல்லாதவங்க?" என்றார் அக்கா.

குறையை மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

நாளை செயலி வெளியே போகிறது. அக்கா விடவில்லை. இன்று காலை முதல் வேலையாக மூன்றாவது கூட்டம் கேட்டு வாங்கியிருந்தார்.

திரையில் நொடி பூஜ்யத்தைத் தொட்டது. முதல் முயற்சி போயிற்று.

மேலாளர் கை தட்டினார். வயதானவர்களின் கை நடுக்கத்தை அக்கா நடிப்பில் அப்படியே கொண்டுவந்திருந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. எங்கே போய்ப் பார்த்துப் பழகினாரோ என்று நான் பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுத்தேன்.

இரண்டாவது முறை நான்கு எண்கள் சரியாக விழுந்தன. ஐந்தாவது தப்பியது. ஒன்று தப்பினால் ஆறும் அழிந்துவிடும்படி எழுதியவனும் நான்தான். எல்லாக் கட்டமும் காலியாயிற்று. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நேரம் முடிந்தது.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

மூன்றாவது முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. மூன்று. அறையில் எல்லோரும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான்கு. ஐந்து. எனக்கே எழுந்துபோய் அந்த ஆறாவது எண்ணை அடித்துவிடலாம் போலிருந்தது. விரல் கட்டத்துக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. இறங்கவில்லை.

திரை சிவப்பானது. 'நாளை இதே நேரம் முயலவும்.'

அந்த வரியும் என்னுடையதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நாளை இதே நேரம் வரை என்ன செய்வான் என்று எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மேலாளர் மளமளவென்று சொன்னார். நேரம் ஐந்து நிமிடம். ஒரு எண் தப்பினால் அந்த ஒன்று மட்டும் அழிய வேண்டும். கதவு சாத்துவதை எடுத்துவிட வேண்டும். மூன்று முறை தவறினால் மருத்துவமனையிலிருந்து மனிதர் ஒருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் செயலி வெளியே போகும்.

"நாடகத்துல சேர வேண்டிய ஆளும்மா நீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எல்லோரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அவர் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"போதும்கா, அதான் ஜெயிச்சுட்டீங்களே. நடிப்ப நிறுத்துங்க" என்றேன்.

அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். மூடியைத் திறந்து கொடுத்தேன். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பாதி அட்டை காலியாக இருந்தது.

"இதையும் பிரிச்சுக் குடு தம்பி. ஏழு மணிக்கே போட்டிருக்கணும்."

மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, அது உருண்டுவிடாமல் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். என் பிடிக்குள்ளும் அந்தக் கை நிற்கவில்லை.

"போட்டா கை நின்னுடும்" என்றார் அக்கா. "நின்னா நீங்க நம்ப மாட்டேங்கறீங்க."